பதினோரு அடிச் சுவரும் நாற்பது பக்க நோட்டும்

2023 ஜூலையில் அப்பாவைக் கும்பகோணத்திலிருந்து சென்னைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவானது. அவருக்கு 78 வயது. அம்மா போன பிறகும் தனியாகவே சமாளித்துக்கொண்டிருந்தார். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டதும், இனி முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். நங்கநல்லூரில் எங்களுடையது இரண்டாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. ஒன்றில் நானும் மனைவியும், மற்றதில் பிளஸ் ஒன் படிக்கும் மகள். அப்பாவுக்கென்று ஓர் அறை வேண்டும். இருந்த ஒரே இடம் ஹால்.

ஹால் 20 அடி நீளம், 11 அடி அகலம். ஒரு கோடியில் பால்கனி, மறு கோடியில் ஜன்னல். ஜன்னல் பக்கம் 9 அடியை வெட்டிக் குறுக்கே ஒரு சுவர் எழுப்பினால் அப்பாவுக்கு வெளிச்சத்தோடு ஓர் அறை கிடைக்கும், எங்களுக்கும் பால்கனி பக்கம் சதுரமாக ஒரு ஹால் மிஞ்சும். அந்த ஜன்னலோரம் இருந்த வாஷிங் மெஷினை பாத்ரூம் நடைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதை மறைக்க அங்கே 5 அடியில் இன்னொரு சின்னச் சுவர். ஆக 11 அடி ஒன்று, 5 அடி ஒன்று. இரண்டுக்கும் உயரம் ஒன்பதரை அடி.

அப்பா பொதுப்பணித் துறையில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டதும், "நாலரை இஞ்ச் சுவர் எடுத்து ரெண்டு பக்கமும் பூசிடு, ஒரு வாரத்துல முடிஞ்சுடும்" என்றார். எனக்கும் செங்கல்தான் முதலில் மனதில் வந்தது. ஆனால் எங்கள் தளத்தில் அந்த இடத்துக்குக் கீழே பீம் கிடையாது, வெறும் கான்கிரீட் ஸ்லாப். தெரிந்த இன்ஜினியர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். நாலரை இஞ்ச் செங்கல் சுவர் இரண்டு பக்கப் பூச்சோடு சதுர மீட்டருக்குச் சுமார் 270 கிலோ வரும் என்றார். கதவைக் கழித்தாலும் 11 அடிச் சுவர் இரண்டு டன்னைத் தொடும். பழைய ஸ்லாப்பின் நடுவில் அதைக் கோடு போட்ட மாதிரி ஏற்றக் கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். ஜி.ஐ. சேனலில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுச் சேனலில், சட்டம் அடித்து இரு பக்கமும் ஜிப்சம் போர்டு ஏற்றினால் அதே சுவர் 200 கிலோவுக்குள் அடங்கும். கனமும் மூன்று இஞ்ச்தான். செங்கல் என்றால் பூச்சோடு ஐந்தரை. 11 அடி ஹாலில் இரண்டரை இஞ்ச் பெரிய விஷயம். மரச்சட்டத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எங்கள் தெருவில் கரையான் பார்க்காத வீடு கிடையாது.

சரி, எவ்வளவு ஆகும்? மூன்று பேரிடம் கேட்டேன்.

முதலாமவர் சதுர அடிக்கு 150 ரூபாய் என்றார். மொத்தம் 16 அடி நீளம், ஒன்பதரை உயரம், 152 சதுர அடி, 22,800 ரூபாய். கதவுக்கான இடத்தைக் கழிக்க மாட்டார்களாம். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி. அதையும் சேர்த்தால் 26,904. இரண்டாமவர் 118 ரூபாய் சொன்னார். ஸ்டட், அதாவது சட்டத்தில் செங்குத்தாக நிற்கும் சேனல், என்ன கனம் என்று கேட்டேன், நேரடியாகப் பதில் இல்லை. சாம்பிள் காட்டச் சொன்னபோது கொண்டுவந்தது ஃபால்ஸ் சீலிங்குக்குப் போடும் மெல்லிய சேனல். கட்டை விரலால் அழுத்தினாலே வளைந்தது. சீலிங்கில் அது தொங்கினால் போதும். சுவரில் ஆள் சாய்வார், கதவு அடிக்கும். சுவருக்கு 0.55 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்டட் வேண்டும். மூன்றாமவர் எதையும் பிரிக்காமல் 65,000 என்று மொத்தமாகச் சொன்னார்.

23,000 எங்கே, 65,000 எங்கே! யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார் என்றுதான் முதலில் தோன்றியது. அன்று இரவு மகளின் பழைய நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, சுவரை ஒவ்வொரு பாகமாகப் பிரித்து எழுதினேன். எழுதி முடித்தபோது புரிந்தது, முதலாமவரும் மூன்றாமவரும் சொன்னது வேறு வேறு பொருளுக்கான விலை. சதுர அடி ரேட் என்பது சட்டமும் போர்டும், போர்டுகள் சேரும் இடத்தை மூடும் ஜாயிண்ட் வேலையும் மட்டும். கதவு, சுவிட்ச், பெயிண்ட், சுவரடியில் ஒட்டும் பட்டையான ஸ்கர்ட்டிங், மாடிக்கு ஏற்றும் கூலி எதுவும் அதில் கிடையாது. அறை என்று ஒன்று உருவாக அவை எல்லாம் வேண்டும்.

நோட்டின் முதல் பக்கம் சட்டத்துக்கு. தரையிலும் தலைக்கு மேலே ஸ்லாப்பிலும் படுக்கையாகப் போகிறது ஃப்ளோர் சேனல், யு வடிவம். அதற்குள் செங்குத்தாக நிற்பவை ஸ்டட். போர்டு 4 அடி அகலம், அதனால் ஸ்டட் 2 அடிக்கு ஒன்று. அப்போதுதான் போர்டின் இரு விளிம்பும் நடுவும் ஸ்டட்டில் உட்காரும். பெரிய சுவருக்குச் சேனல் கீழே 8 அடி (கதவு 3 அடி போக), மேலே 11. சின்னச் சுவருக்கு 5, 5. கூட்டினால் 29 அடி. சேனல் 12 அடி நீளத்தில் வருகிறது, மூன்று போதும். ஸ்டட்டை 0, 2, 4, 6, 8, 10, 11 என்று அடிக்கணக்கில் குறித்தால் ஏழு. கதவோரம் கூடுதலாக இரண்டு, அவற்றைப் பெட்டி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று சொருகிப் பலப்படுத்த இன்னும் இரண்டு, ஆக 11. சின்னச் சுவருக்கு நான்கு, அதன் ஒரு முனை எதிலும் ஒட்டாமல் நிற்பதால் அங்கே பெட்டி செய்ய ஒன்று. மொத்தம் 16. ஸ்டட் வாங்கும்போது நீளத்தைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் உயரத்துக்கு 10 அடி ஸ்டட் சரியாக இருந்தது, அரையடிதான் வீண். முதல் கடையில் 12 அடிதான் இருந்தது. அங்கே வாங்கியிருந்தால் ஒவ்வொன்றிலும் இரண்டரை அடியை வெட்டிப் போட்டிருப்போம்.

இரண்டாவது பக்கம் போர்டு. இங்கேதான் நான் அதிக நேரம் உட்கார்ந்தேன், உட்கார்ந்ததற்குப் பலனும் இருந்தது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பன்னிரண்டரை மில்லிமீட்டர் போர்டு 6 அடிக்கு 4 அடி, 24 சதுர அடி. கதவு போக நம் சுவர் 131 சதுர அடி, இரண்டு பக்கம் 262. வகுத்தால் 11 போர்டு. கடைக்காரரும் கால்குலேட்டரைத் தட்டி அதையேதான் சொன்னார். ஆனால் சுவரின் உயரம் ஒன்பதரை, போர்டின் உயரம் ஆறு. ஒவ்வொரு 4 அடிப் பட்டைக்கும் ஒரு முழு போர்டு, அதன் மேல் மூன்றரை அடித் துண்டு ஒன்று. இன்னொரு போர்டிலிருந்து அந்தத் துண்டை வெட்டினால் மிச்சம் இரண்டரை அடி. அது எங்கே போகும்?

கட்டம் போட்ட தாளில் சுவரை வரைந்து, போர்டுகளைக் காகிதத்தில் வெட்டி ஒட்டிப் பார்த்தேன். பெரிய சுவர் 4 அடி, 4 அடி, அப்புறம் 3 அடிக் கதவு. கதவின் உயரம் 7 அடி. அதற்கு மேலே மிஞ்சுவது சரியாக இரண்டரை அடி! அந்த வீண் துண்டு அங்கே அப்படியே உட்கார்ந்தது. ஒரு பக்கத்துக்கு நான்கு போர்டு, இரண்டு பக்கத்துக்கு எட்டு. சின்னச் சுவர் 5 அடி என்பதால் 4 அடிப் பட்டையோடு ஓரடிப் பட்டையும் வந்தது. அந்த ஓரடிக்காகப் பக்கத்துக்கு ஒரு போர்டு தனியாக வெட்டுப்பட்டது. அங்கே ஆறு. ஆக 14. பதினொன்றுக்கும் பதினான்குக்கும் இடையில் மூன்று போர்டு. வேலை நடுவில் நின்று, ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்க, மறுபடி வண்டி வைத்து வாங்கப் போயிருந்தால் போர்டு விலையைவிட நாள் கூலிதான் அதிகமாகியிருக்கும்.

சின்னச் சுவர்தானே, செலவும் சின்னதாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். போர்டும் ஸ்டட்டும் மட்டும் எடுத்துக்கொண்டால் பெரிய சுவருக்குச் சதுர அடிக்கு 60 ரூபாய், சின்னதுக்கு 100. வெட்டு வீண், தனியாக நிற்கும் முனை, பாத்ரூம் பக்கத்துக்குப் பச்சை போர்டு என்று எல்லாம் அதில்தான் சேர்ந்தன. பச்சை போர்டு ஈரத்தைத் தாங்க ரசாயனம் சேர்த்துச் செய்தது. சாதாரண போர்டு 440 என்றால் அது 720. வாஷிங் மெஷின் பக்கம் மூன்று போர்டு அதுதான் போட்டேன், அதில் சிக்கனம் பார்க்கவில்லை. பச்சை என்பதற்காகத் தண்ணீர் நேரடியாகப் படும் இடத்தில் அப்படியே விட்டுவிடக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டு பொருளை ரேட் சொன்ன யாரும் பேச்சிலேயே எடுக்கவில்லை. ஒன்று ராக்வுல், சத்தத்தை அடக்கச் சுவருக்குள் வைக்கும் கல் பஞ்சு. உள்ளே வெற்றாக விட்டால் ஹாலில் ஓடும் டி.வி. முழுவதும் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கேட்கும். 50 மில்லிமீட்டர் ராக்வுல் பெரிய சுவருக்கு மட்டும் 84 சதுர அடி, 2,750 ரூபாய். இன்னொன்று உள்ளே வைக்கும் பிளைவுட். ஜிப்சம் போர்டு மட்டும் கனமான எதையும் தாங்காது. அப்பா கட்டிலிலிருந்து பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடி ஒன்று வைக்க வேண்டும், ஹால் பக்கம் டி.வி. மாட்ட வேண்டும். இரண்டும் வரும் இடத்தில் ஸ்டட்டுகளுக்கு நடுவே 18 மில்லிமீட்டர் பிளைவுட் வைத்து முடுக்கிவிட்டால் பிறகு எங்கே வேண்டுமானாலும் ஸ்க்ரூ பிடிக்கும். 16 சதுர அடி, 1,680 ரூபாய். போர்டு மூடிய பிறகு இது நினைவுக்கு வந்தால் சுவரைத்தான் உடைக்க வேண்டும்.

பொருள் கணக்கு இப்படி முடிந்தது. சாதாரண போர்டு உதிரி ஒன்றோடு சேர்த்து 12, 5,280. பச்சை மூன்று, 2,160. சேனல் 810, ஸ்டட் 4,000. போர்டு ஸ்க்ரூ ஒரு பெட்டி, சட்டத்துக்கான குட்டி ஸ்க்ரூ, தரையிலும் ஸ்லாப்பிலும் ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் வைக்கும் பிளக் எல்லாம் 930. ஜாயிண்ட் காம்பவுண்ட், பேப்பர் டேப், மூலைக்குப் போடும் பீடிங் 1,380. சேனலுக்கு அடியில் ஒட்டும் ரப்பர் டேப் 250, ஓரங்களை அடைக்கச் சீலன்ட் 600. ராக்வுல், பிளைவுட் இரண்டும் மேலே சொன்னவை. மொத்தம் 19,840, வரி சேர்த்து.

மூன்றாமவரிடம் வேலை பார்த்துத் தனியாக வந்த ஃபிட்டர் ஒருவரைப் பிடித்தேன். அவருக்கு நாளுக்கு 1,300, உதவியாளுக்கு 900. மூன்று நாள் பேசினோம். ஜாயிண்ட் வேலையை நானே செய்வதாகச் சொல்லிவிட்டேன். கல்லூரி நாட்களில் மாமாவின் பெயிண்டிங் வேலைகளில் கூடமாட இருந்த பழக்கம் உண்டு.

அசோசியேஷனில் எழுதிக் கொடுத்தேன். டிரில் போடுவது காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மட்டும் என்று நிபந்தனை. போர்டு வந்த அன்றுதான் லிஃப்டுக்குள் 4 அடி அகலம் நுழையாது என்று தெரிந்தது. படியில் ஏற்ற போர்டுக்கு 30 ரூபாய், வண்டிக்கு 700. வந்த போர்டுகளைச் சுவரில் சாய்க்காமல், தரையில் மூன்று மரக்கட்டை போட்டு அதன் மேல் படுக்க வைத்தோம். சாய்த்தால் இரண்டே நாளில் வில் மாதிரி வளையும்.

செப்டம்பர் 23, சனிக்கிழமை. தரையில் நூல் அடித்தோம். ஃபிட்டர் லேசர் கொண்டுவந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து, தன் டிரங்குப் பெட்டியிலிருந்து பித்தளைத் தூக்குக்குண்டை எடுத்து வந்தார். கும்பகோணத்திலிருந்து அவர் கொண்டுவந்த நாலைந்து பொருள்களில் அதுவும் ஒன்று. ஸ்லாப்பில் குறித்த புள்ளியிலிருந்து நூலை என்னைப் பிடிக்கச் சொன்னார். குண்டு ஆடி, ஆடி, நின்றது. அதன் கூர்முனை லேசர் கோட்டின் மேலேயே இருந்தது. "சரியாத்தான் இருக்கு, தம்பி" என்று ஃபிட்டரிடம் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் செங்கல் பேச்சை எடுக்கவில்லை.

ஸ்லாப் மட்டமாக இல்லை. ஒரு பக்கம் ஒன்பதடி ஆறு இஞ்ச், மறு பக்கம் ஒன்பதடி நாலரை. எல்லா ஸ்டட்டையும் ஒரே அளவில் அடுக்கி வெட்டியிருந்தால் பாதி நுழைந்திருக்காது. ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் அளந்து, கால் இஞ்ச் குறைத்து வெட்டினோம். அந்தக் கால் இஞ்ச் இடைவெளி மேலே இருக்கட்டும், ஸ்லாப் கொஞ்சம் தொய்ந்தாலும் ஸ்டட்டை அழுத்தாது.

மேல் சேனலுக்கு ஓட்டை போடும்போதுதான் முதல் விபத்து. நாலாவது ஓட்டையில் டிரில் சட்டென்று உள்ளே போனது. அதே நொடியில் வீடு முழுக்கக் கரண்ட் போனது. ஹாலின் இரண்டு ஃபேன்களில் ஒன்று இனி அப்பாவின் அறைக்குள் வருகிறது. அதன் சுவிட்ச் பால்கனிப் பக்கம். இரண்டுக்கும் நடுவே ஸ்லாப்புக்குள் ஒயர் பைப் ஓடுகிறது, நம் சுவர்க்கோடு அதைக் குறுக்கே வெட்டுகிறது. அந்த சுவிட்சை அறைக்குள் மாற்ற வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் கணக்கில் எழுதி வைத்திருந்தேன், ஆனால் பைப் எந்த வழியாகப் போகிறது என்று யோசிக்கவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது பெரிய நிம்மதி. பழைய ஒயரை உருவிப் புதிது இழுக்க 1,800 ரூபாய். அதன் பிறகு மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி டிரில்லில், பிட்டில் 35 மில்லிமீட்டர் ஆழத்துக்கு டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டுதான் மேலே கை வைத்தோம். பிளக் உட்கார அவ்வளவு ஆழம் போதும். முதல் ஓட்டையிலிருந்தே அப்படித்தான் செய்திருக்க வேண்டும்.

கதவு நிலையைச் செங்கல் சுவரோடு ஒட்டி வைத்து, கீல்களையும் அந்தப் பக்கமே அடித்தோம். கதவின் முழு எடையும் செங்கலுக்குப் போய்விடும். பூட்டுப் பக்கம் மட்டும் நம் பெட்டி ஸ்டட். அதன் உள்ளே மரச்சட்டம் சொருகினோம்.

போர்டு ஏற்றுவது பார்க்க எளிது, ஆனால் ஸ்க்ரூவில் கவனம் வேண்டும். போர்டு என்பது காகிதத்துக்கு நடுவே ஜிப்சம். பலம் முழுவதும் அந்தக் காகிதத்தில்தான். ஸ்க்ரூவின் தலை காகிதத்தைக் கிழிக்காமல், ஒரு மயிரிழை உள்ளே அமுங்க வேண்டும். விரலை ஓட்டினால் சின்னக் குழி தட்டுப்பட வேண்டும், தலை தட்டுப்படக் கூடாது. கொஞ்சம் கூடுதலாக முடுக்கினால் 'பொசுக்' என்று காகிதம் அறுந்து ஸ்க்ரூ ஜிப்சத்துக்குள் போய்விடும். அந்த ஸ்க்ரூ இருந்தும் இல்லாத மாதிரி. அதை விட்டுவிட்டு இரண்டு இஞ்ச் தள்ளி வேறு போட வேண்டும். நான் போட்ட முதல் இருபதில் ஆறு அப்படிப் போயின. ஃபிட்டர் பொறுமையாக டிரில்லின் வேகத்தைக் குறைத்து வைத்துக் கொடுத்தார். ஓரங்களில் 9 இஞ்சுக்கு ஒன்று, நடுவில் ஓரடிக்கு ஒன்று.

கீழே தரைக்கும் போர்டுக்கும் நடுவே 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம். நம் வீடுகளில் தினமும் ஈரத் துணி போட்டுத் துடைப்போம், பண்டிகைக்குக் கழுவியும் விடுவோம். போர்டு தரையைத் தொட்டால் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். இடைவெளியைச் சீலன்டால் அடைத்து, மேலே பி.வி.சி. ஸ்கர்ட்டிங். ஒரு பக்க போர்டு ஏறியதும் எலக்ட்ரீஷியன் வந்து பைப்பும் பாக்ஸும் வைத்தார். பிறகு ராக்வுல், பிளைவுட், கடைசியாக மறு பக்கம். ராக்வுல் வைக்கும்போது முழுக்கைச் சட்டையும் கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம். மூடும் முன்பு ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் டேப்பைப் பிடித்துப் படம் எடுத்து வைத்தேன்.

ஜாயிண்ட் வேலை எனக்கு நான்கு சாயங்காலம் எடுத்தது. ஒரு கோட் காம்பவுண்ட், அதன் மேல் பேப்பர் டேப்பை வைத்துத் தகட்டால் அழுத்தி நீவி, மறுநாள் அகலமாக ஒரு கோட், அதற்கும் மறுநாள் இன்னும் அகலமாக ஒன்று. அவசரப்பட்டால் வராது. அக்டோபர் சென்னைக் காற்றில் ஈரம் இருக்கிறது, ஒவ்வொரு கோட்டும் காய ஒரு முழு நாள் விட்டேன். பிறகு உப்புத்தாள், பட்டி, பிரைமர், பெயிண்ட்.

பெயிண்டில் ஒரு பாடம். புதுச் சுவரை மட்டும் அடித்தால் போதும் என்றுதான் எழுதியிருந்தேன். அடித்து முடித்ததும் பக்கத்தில் பழைய சுவர்கள் எட்டு வருட அழுக்கோடு நின்றன. ஹாலையும் அறையையும் முழுசாக அடிக்க வேண்டியதாயிற்று, 9,400.

அடுத்த விபத்து நவம்பர் நடுவில். ஹால் பக்கம் கதவின் மேல் மூலையிலிருந்து ஸ்லாப் வரை நேர்கோடாக மயிரிழை விரிசல். பூட்டுப் பக்க மூலை. காரணம் என் கட்டத்தாள்தான். எந்த வீண் துண்டைக் கதவின் மேல் பொருத்திச் சந்தோஷப்பட்டேனோ, அதன் இணைப்பு சரியாகக் கதவு மூலையில் வந்துவிட்டது. கதவு ஒவ்வொரு முறை சாத்தும்போதும் அந்த மூலை அதிர்கிறது. அதிர்வு வரும் இடத்தில் இணைப்பு வரக் கூடாது. போர்டைக் கதவு மூலையைச் சுற்றி எல் வடிவத்தில் வெட்டி, இணைப்பைத் தள்ளி அடுத்த ஸ்டட்டில் கொண்டுபோக வேண்டும். எல் வடிவத்துக்கு இன்னொரு போர்டு தேவை. அந்த 440 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் இது.

ஃபிட்டரைக் கூப்பிட்டேன். மேல் துண்டுகளைக் கழற்றி, உதிரியாக வைத்திருந்த போர்டில் எல் வெட்டிப் பொருத்தினோம். அவர் கூலி 1,300, பெயிண்ட் 1,200. கதவுக்கு ஸ்டாப்பரில் ரப்பர் ஒட்டினேன். உள்பக்கம் விரிசல் வரவில்லை, அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

மொத்தக் கணக்கு இதோ. பொருள் 19,840, ஃபிட்டரும் உதவியாளும் 6,600. இந்த இரண்டும்தான் 'சுவர்', 26,440. முதலாமவர் வரியோடு சொன்ன 26,904க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் என் கணக்கில் ராக்வுல், பிளைவுட், பச்சை போர்டு மூன்றும் உண்டு, அவருடையதில் கிடையாது. எலக்ட்ரீஷியன் பொருளோடு 5,500. கதவு, நிலை, பூட்டு, கீல், தச்சர் கூலி, ஸ்கர்ட்டிங் எல்லாம் 11,300. பெயிண்ட் 9,400. வண்டியும் ஏற்று கூலியும் 1,150. குப்பை அள்ள 600. ஆக 54,390. எதிர்பாராததுக்கு என்று நோட்டில் 5,000 தனியாக எழுதி வைத்திருந்தேன். ஒயருக்கு 1,800, விரிசலுக்கு 2,500, அதில் 4,300 போயிற்று. எல்லாம் சேர்த்து 58,690. சதுர அடிக்குப் பார்த்தால் 386 ரூபாய். 150 ரூபாய் என்று யாராவது சொன்னால், அது பொய்யல்ல. ஆனால் கையில் அந்தத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் கதவில்லாத, கரண்ட் இல்லாத, சாம்பல் நிறப் போர்டோடு நின்றுவிடுவீர்கள்.

இந்தக் கணக்கைப் பின்பற்றுகிறவர்கள் விலைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அவை 2023இல் நான் கொடுத்தவை. எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எத்தனை ஸ்டட், எத்தனை போர்டு, எங்கே இணைப்பு, எங்கே கைப்பிடி என்று வரைந்து முடியுங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போனால் விலை கேட்க அரை மணி நேரம்தான். கதவு மூலைக்கு எல் வடிவத்தை முதலிலேயே வரைந்துவிடுங்கள், போர்டு இரண்டு கூடினாலும் பரவாயில்லை.

தை பிறந்ததும் அப்பா தினசரிக் காலண்டரை மாட்ட வேண்டும் என்றார். "இந்தச் சுவத்துல ஆணி நிக்குமாடா?" ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காந்தம் ஒன்றை எடுத்துச் சுவரில் மெதுவாக ஓட்டச் சொன்னேன். கதவிலிருந்து ஒரு கை தள்ளி, பெயிண்டுக்கு அடியில் இருந்த ஸ்க்ரூவைப் பிடித்து அது அப்படியே நின்றது. இன்னும் ஓரடி கீழே ஓட்டினார், அங்கேயும் நின்றது. இரண்டுக்கும் நேராகத் தன் தூக்குக்குண்டைப் பிடித்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டின் மேல் ஸ்க்ரூ ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன்.